சேஷன் சார் மடக்காத குடை

சேஷன் சார் போய்விட்டார் என்ற செய்தியை எங்களிடம் கொண்டுவந்தவன் எதிரிக் கல்லூரியின் கோல்கீப்பர் பாஸ்கரன். ரயில் பாதையைத் தாண்டி எங்கள் கான்டீனுக்குள் தனியாக வந்து நின்றான். அவர்கள் கேப்டனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று போன வருஷம் நான் கிளப்பிவிட்ட புரளிக்குப் பழிவாங்க வந்திருக்கிறான் என்று நினைத்து, "எந்த சேஷன், ஆதிசேஷனா?" என்று கேட்டேன்.

பாஸ்கரன் சிரிக்கவில்லை. "மஜாக் இல்லடா, விளையாட்டில்ல. உங்க லைப்ரரி சேஷன் சார். காலம்பற குர்லா ஸ்டேஷன்ல மாரடைப்பு. எங்க மாமாதான் பக்கத்துல இருந்தார்."

கடைசித் தகவலைச் சொல்லியனுப்பக்கூட எதிரணிதான் கிடைத்தது அவருக்கு. எங்கள் பக்கத்து ஆள்தான், ஆனால் ஒருநாளும் எங்கள் பக்கம் பேசியதில்லை. அந்த மனுஷனோடு மூன்று வருஷம் நாங்கள் பட்ட பாடு இதுதான்.

இரண்டு கல்லூரித் தமிழ் மாணவர்களும் படிக்கிற இந்தக் கையெழுத்துப் பத்திரிகையில் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முதலாண்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நூலகத்தில் அவர் குமாஸ்தா. சம்பளம் அதற்கு. ஆனால் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை, நம் இரண்டு கல்லூரிகளின் கால்பந்துப் பகைக்கு வரலாறு எழுதியது. முதல் ஆட்டத்தில் எங்களுக்காக ஆடியவர் அவர். அதில் தன் கோலுக்குள் தானே பந்தை அடித்துக்கொண்டவரும் அவர்தான். அதை வரலாற்றின் முதல் பக்கத்திலேயே, பெயரோடு எழுதிவைத்தார். எந்த சரித்திர ஆசிரியனாவது தன் காலைத் தானே வாருவானா?

பம்பாயில் கால்பந்து மழைக்கால ஆட்டம். சுண்ணாம்புக் கோடு இடைவேளைக்குள் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். இல்லாத கோட்டைப் பந்து தாண்டியதா என்று கேட்டால் அடிதடிதான் பதில். ஒரு வருஷம் ரெஃபரியே பயந்துபோய் பாதியில் பஸ் ஏறிவிட்டாராம். அதற்குப் பிறகு சேஷன் சார் ஏற்படுத்திய வழக்கம்தான் குடை. தாக்குகிற அணியின் ஆள் ஒருவர், எதிரணியின் கோல் கம்பத்தருகே, கோடு இருக்க வேண்டிய இடத்தில், குடை பிடித்து நிற்பார். சந்தேகமான பந்து உள்ளே போனது என்றால் குடையை மடக்குவார். மடக்காவிட்டால் கோல் இல்லை. வாயால் சொல்வது செல்லாது.

"வாயத் தொறந்தா வாதம் வரும். கொட்டற மழைல நனையத் தயாரா இருக்கறவன் பொய் சொல்ல மாட்டான்" என்பார்.

எங்கள் பக்கத்துக் குடைக்காரர் அவரேதான். அதாவது அவருக்கு ஜலதோஷம் வந்தால்தான் எங்களுக்குச் சந்தோஷம் வரும். ஆனால் அவருக்கு ஜலதோஷமே வரவில்லை. நான் சேர்ந்த வருஷம் என் காலிலிருந்து போன பந்து கம்பத்தருகே சேற்றில் சப்பென்று உட்கார்ந்தது. ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"சார், மடக்குங்கோ சார். பாதிப் பந்து உள்ள இருக்கு."

"பாதி உள்ள இருந்தா பாதி வெளில இருக்குடா. போய் ஆடு."

அடுத்த வருஷமும் இதே கதை. எதிரணியின் குடைக்காரர், பந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே மடக்கிவிடுவார் என்பது எங்கள் கட்சி. பாஸ்கரன் மறுக்கிறான், மறுக்கட்டும். எங்கள் குடை மட்டும் மடங்காது. இதைக் குடை என்று சொல்லாதீர்கள், குடைச்சல் என்று சொல்லுங்கள் என்று நோட்டீஸ் பலகையில் நானே எழுதிப் போட்டேன். அவர் படித்துவிட்டு ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டுப் போனார்.

போன ஆகஸ்ட் ஆட்டத்துக்கு வருகிறேன். எங்கள் கேப்டன் செல்லதுரைக்கு அது வெறும் ஆட்டம் இல்லை. அவன் வீடு தாராவியில். அப்பா தோல் கிடங்கில் கூலி, கீழே மூன்று தங்கைகள். பரேல் பக்கம் ஒரு மில் தன் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்தால் மில்லில் வேலையும் உண்டு. ஆட்டத்தைப் பார்க்க வந்த அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: ஓடுகிறவன் நிறைய இருக்கிறான், கோல் போடுகிறவன்தான் வேண்டும். கோல் போட்டால் மில், இல்லாவிட்டால் அப்பாவோடு தோல் கிடங்கு.

அன்று மத்தியானம் சேஷன் சார் தன் குடையை நூலக வராந்தாவில் விரித்து உலரவைத்திருந்தார். நான் பத்திரிகை தைக்கிற மெல்லிய கம்பியை எடுத்து, குடையின் வளையத்தைத் தண்டோடு சேர்த்து முறுக்கிவிட்டேன். விரித்த குடை இனி மடங்காது. என் எண்ணமெல்லாம் ஆட்டத்துக்குப் பிறகு மாட்டுங்கா ஸ்டேஷனில்தான். செம்பூர் போகிற மனுஷன் ஆறு மணி லோக்கலில் விரித்த குடையோடு ஏறுகிற அழகைப் பார்க்க நாலு பேரை டிக்கெட் எடுக்கச் சொல்லியிருந்தேன். ஆட்டத்தில் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. எப்படியும் மடக்கப்போவதில்லையே.

கடைசி நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. எங்கள் ஒன்று, அவர்கள் ஆள் காலில் பட்டுத் தானே உள்ளே போனது. செல்லதுரை இடது காலால் அடித்த பந்து மேல்கட்டையில் பட்டு நேரே கீழே விழுந்தது. பாஸ்கரன் அதைச் சேற்றோடு வாரி வெளியே எறிந்தான். எல்லாத் தலைகளும் குடைப் பக்கம் திரும்பின.

சேஷன் சார் மடக்கப் பார்த்தார். விசையை அழுத்தினார், வளையத்தை இழுத்தார், குடையை முழங்காலில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். அது அசையவில்லை. மூன்று வருஷமாக மடக்காத மனுஷனுக்கு அன்றைக்குத்தானா மடக்கத் தோன்ற வேண்டும்? குடையை வீசியெறிந்துவிட்டு, தலை நனைய, "கோல், கோல்" என்று கத்தினார்.

எதிரணி கேப்டன் பக்கத்தில் வந்து மரியாதையாகவே கேட்டான். "சார், வாயால சொன்னா செல்லாதுன்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கேள்?"

வீசியெறிந்த குடையை அவர் குனிந்து எடுத்தார். "ஆமாம். செல்லாது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மில் அதிகாரி, அவர்களுடைய ஒரே கோலைப் போட்டவனின் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் நூலகத்தில் கம்பியை மேஜைமேல் வைத்தார். "நம்ம பத்திரிகைக் கம்பி. முறுக்கும் உன் முறுக்குதான்."

"நீங்க எப்பவுமே மடக்க மாட்டேளே சார், அதனாலதான்."

"கோல் விழலைன்னா எப்படிடா மடக்கறது?" என்றார். பிறகு, "செல்லதுரைட்ட நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

"எப்ப சொல்லணும் சார்?"

"அதையும் நானே சொல்லணுமா?"

திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். பிரின்சிபாலிடம் சொல்லியிருந்தால் இன்னும் நிம்மதி. இரண்டும் செய்யவில்லை. வரலாற்றில், 'பந்து தாண்டியது. குடைக்காரர் மடக்கத் தவறினார். கோல் இல்லை. குடைக்காரர் பெயர் சேஷன்' என்று எழுதினார். ஏழு மாதம், நான் புத்தகம் எடுக்கப் போகும்போதெல்லாம், "சொல்லியாச்சா?" என்று ஒரே கேள்வி. "நாளைக்கு சார்" என்பேன். "நாளைக்குன்னு ஒரு கிழமை காலண்டர்ல இல்லடா" என்பார். அவருக்குப் பயந்து புத்தகம் எடுப்பதையே விட்டேன்.

செம்பூரில் அவருடைய தகனமெல்லாம் முடிந்த மறுநாள் தாராவிக்குப் போனேன். செல்லதுரை தோல் கிடங்கு வாசலுக்கு, தோலில் தடவுகிற உப்பு ஒட்டிய கையோடு வந்தான். சொல்லி முடித்தேன். அடிப்பான் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"கண்ணாடிய மாட்டுலே. ஒன்ன அடிச்சு என்ன ஆவப்போவுது" என்றான். பிறகு, "அவரு அந்த வாரமே வீட்டுக்கு வந்தாரு. எங்கப்பா முன்னால நின்னு, 'என் குடை பழசு, துருப்பிடிச்சுப்போச்சு, அதால உங்க பையனுக்கு வேலை போச்சு, மன்னிக்கணும்'னு கும்பிட்டாரு. அப்பா பதறிப்போயி கையப் புடிச்சுக்கிட்டாரு. மில்லுக்கும் நாலு தடவ நடந்துருக்காரு. கேட்டுலயே திருப்பி விட்டுட்டானுவ."

"அது பழசு இல்லடா. ஜூன்ல வாங்கின குடை."

செல்லதுரை கையிலிருந்த உப்பைத் தட்டினான். "அப்ப அவரு பொய்தானே சொல்லிருக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

நண்பர்களே, அவருடைய வரலாற்று நோட்டு நூலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அவர் சொன்ன ஒரே பொய்யைத் தாராவியில் ஒரு வீட்டு வாசலில், எனக்காக, எனக்குத் தெரியாமல் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.