ஓரக்கட்டை

என் அக்கா வீட்டுக்காரர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். அதில் பதினோரு வருடம் நான்தான் அவருடைய கண்டக்டர். டிப்போவில் அவரை ‘ஒரு சாண்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிறுத்தத்தில் நடைமேடைக்கும் வண்டிப் படிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவார், கூடாது, குறையாது. நானே கையை விரித்து அளந்து காட்டிப் பந்தயத்தில் ஜெயித்திருக்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்பு வண்டியின் இடது பக்கக் கண்ணாடி, நடைமேடை விளிம்பில் நின்ற ஒரு பெரியவரின் தோளில் இடித்துவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாளில் வீக்கம் வற்றியது. அவரே ‘விட்டுத் தள்ளுப்பா’ என்றார். மாமாவால்தான் விட முடியவில்லை. அன்றிலிருந்து வண்டியை ஆறடி தள்ளியே நிறுத்தினார். ஜனங்கள் சாலையில் இறங்கி ஏறினார்கள், திட்டினார்கள், புகார் எழுதினார்கள். வண்டியை ஓரங்கட்டாத மனிதரை டிப்போ ஓரங்கட்டிவிட்டது. தொலைந்த பொருள் அறையில், யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் உட்கார்ந்தார்.

கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை, பரிசோதகர் கூட வர, பழைய தடத்தில் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும்.

இதற்கும் பௌலிங்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாமாதான் முடிச்சுப் போட்டார். சனிக்கிழமைதோறும் எங்கள் டிப்போ அணி பக்கத்துக் கூடத்தில் ஆடும். நீளமான மரப் பாதையில் பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கிற கட்டைகளைச் சாய்க்க வேண்டும். பத்துக் கட்டை, இரண்டு பந்து. முதல் பந்தில் மிஞ்சியதை இரண்டாவதில் சாய்த்தால் அது ஸ்பேர். மாமா இடது கைக்காரர். முதல் பந்தில் ஒன்பதை வாரிக்கொண்டு போவார். பின்வரிசையில் இடது மூலைக் கட்டை மட்டும், பந்து விழுந்தால் வீணாகிற ஓரப் பள்ளத்தை ஒட்டி நிற்கும். அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தோம், மூலையில் நின்றபடியே ஆளை ஆட்டி வைப்பதால். என் மாமியார் காதில் விழாதவரை அந்தப் பெயரில் ஒரு குறையும் இல்லை.

முன்பெல்லாம் பத்துக்கு ஐந்து முறை அதைச் சாய்ப்பார். பெரியவர் தோளில் இடித்ததற்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். இனி வண்டி ஓட்ட விருப்பமில்லை என்று எழுதியிருந்தது.

“சனிக்கிழமை அந்த ஓரக்கட்டைய சாய்ச்சா வண்டிய எடுப்பேன். இல்லேன்னா இதக் குடுத்துருவேன் மாப்ள.”

“கட்டைக்கும் பஸ்ஸுக்கும் என்ன மாமா?”

“ரெண்டும் ஓரம்தானே.”

எனக்கு வந்த கோபத்துக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். என் வாயில் எதுவும் தங்காது, அன்று மாலையே அக்காவிடம் கொட்டிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “எந்தப் பைல வெச்சிருக்காரு?” என்று மட்டும் கேட்டாள். இதுதான் கேட்கிற கேள்வியா என்று அவள் மேலும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு நானும் போனேன். மாமா பாதையின் இடது கோடியில் நின்று, பள்ளத்தை ஒட்டியே நேராக வீசினார். பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் மணிக்கட்டு வலது பக்கம் திரும்பியது. ஓரத்தைப் பார்த்துப் பயந்து ஸ்டியரிங்கை ஒடிக்கிற அதே திருப்பம். பந்து கட்டையைத் தொடாமல் சுழன்று விலகிப் போனது. பதினோரு வருடம் அந்தக் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

“மாமா, ஸ்டாப்புக்கு எப்படி வருவீங்க? ஓரத்த ஒட்டியே உருட்டிட்டு வருவீங்களா?”

“அதெப்படி? நடு ரோட்டுலருந்து சாய்வா வந்து...” என்றவர் நிறுத்திக்கொண்டார். பந்தைத் தூக்கிக்கொண்டு வலது கோடிக்குப் போனார். அங்கிருந்து மூலைக்குக் குறுக்கே வீச, முழுப் பாதையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் பத்துப் பந்தில் மூன்றுதான் பட்டது.

“மூணுதான்” என்றார்.

“மூணு வந்துச்சுல்ல” என்றேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் மாமியார் இரண்டு முறை நின்றாள், இரண்டு முறையும் தப்பினாள். கடைசி வாய்ப்பில் ஒன்பது விழுந்து, அவள் மறுபடி நின்றாள். எங்கள் கேப்டனான பட்டறை மேஸ்திரி கூரையைப் பார்த்தார். மாமா சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வலது கோடிக்குப் போனார். பந்தோடு நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

நான் யோசித்துச் செய்யவில்லை. உட்கார்ந்திருந்த பெஞ்சை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். எங்கள் வண்டியில் இரண்டு தட்டு என்றால் நிறுத்தம் வருகிறது.

“ஓரங்கட்டு மாமா.”

அவர் திரும்பவில்லை. மணிக்கட்டும் திரும்பவில்லை. பந்து குறுக்கே சாய்வாகப் போய்ப் பள்ளத்தின் விளிம்பை நெருங்கியது, விழுந்தே விட்டது என்று நினைத்தேன். அப்புறம் கட்டை விழுந்த சத்தம் கேட்டது.

மாமா துள்ளவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கடிதத்தைக் கிழிக்க எடுத்தார். மடித்த காகிதத்தைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்தாரே தவிர, அதுவரை பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தால் அக்காவின் கையெழுத்து.

‘உங்க கடிதம் வியாழக்கிழமையே அடுப்புக்குப் போயிடுச்சு. கட்டை விழுந்தாலும் விழாட்டாலும் திங்கட்கிழமை முதல் ஸ்டாப்பில் ஓரமா நிப்பேன். ஒரு சாண்.’

மாமா அழுதார். நானும்தான், எதற்கு மறைக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் சொன்னபடி நின்றாள், நடைமேடையின் விளிம்பில் கால் விரல் வைத்து. பரிசோதகர் பேனாவைத் திறந்தார். நான் படியில் நின்றிருந்தேன். வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். மாமா நடுச் சாலையிலிருந்து சாய்வாக உள்ளே வந்தார். கண்ணாடி அவள் தோளை நோக்கி வந்தது. அக்கா ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. கண்ணாடி தோளைத் தாண்டியது, படி அவள் முன்னால் வந்து நின்றது. சாலையில் கால் வைக்காமல் ஏறினாள்.

நான் குனிந்து இடைவெளியில் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். கூடவில்லை, குறையவில்லை. அப்புறம் நிமிர்ந்து, “டிக்கெட்” என்றேன்.

“உங்க மாமாகிட்ட வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டு அக்கா முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.