மாமா வீட்டு வளைவில் நீள பஸ்

இரண்டு பஸ்களை நடுவில் ரப்பர் மடிப்பு வைத்து ஒட்டவைத்த மாதிரி ஒரு வண்டி எங்கள் திருவொற்றியூர் சாலையில் ஓடியது என்றால் வெளியூர்த் தோழிகள் நம்புவதில்லை. அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் நீள பஸ் என்றோம். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் தரையில் ஒரு வட்டத் தகடு இருக்கும். வண்டி திரும்பும்போது தகடும் திரும்பும், பக்கச் சுவர் ஆர்மோனியப் பெட்டி போல விரிந்து சுருங்கும். உட்கார இடம் இருந்தாலும் நான் அங்கேதான் நிற்பேன். சில வருஷத்திலேயே ரப்பர் கிழிந்து மழை உள்ளே ஒழுகியது, மாற்றப் பாகம் கிடைக்கவில்லை. டிப்போ மூலையில் கிடந்துவிட்டுக் கடைசியில் சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்குப் போனது.

அதை ஓட்டியவர் என் அப்பா. நைனா என்று கூப்பிடுவேன். அந்த வண்டி எல்லாருக்கும் வசப்படாது. முன்பாதி போன வழியில் பின்பாதி வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அதனால் வளைவில் எதிர்ப்பக்கம் நன்றாக ஒதுங்கித்தான் திருப்ப வேண்டும். பின்னால் எடுப்பதோ ஆகவே ஆகாது, தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் என்று மடங்கிக்கொள்ளும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நைனா அதை நெளித்து எடுத்துப் போகும்போது எனக்குத் தலைகால் புரியாது. டிப்போவில் யார் லீவு போட்டாலும் அவர் போட முடியாது.

அதுதான் வினையாகிவிட்டது. ராயபுரத்தில் மாமா மகனுக்குக் காதுகுத்து. பையனின் அத்தை வீட்டுக்காரராகச் சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டிய நைனா, நீள பஸ்ஸோடு போய்விட்டார்.

"அந்த பஸ்ஸயே கட்டிக்கினு குடும்பம் நட்த்தட்டும்" என்று சபையிலேயே சொன்ன அம்மா, அப்படியே தன் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டாள். பள்ளிக்கூடம் இருந்ததால் நான் நைனாவோடு இருந்தேன். அவர் வடித்த சோறு களியாக இருந்தது. அம்மா வராமலே போய்விடுவாளோ என்று அதைத் தின்றுகொண்டே அழுவேன்.

மாமா வீடு, பஸ் திரும்பும் வளைவிலேயே இருந்தது. நைனா தினமும் அங்கே நீளமாக ஹாரன் அடிப்பார். அம்மா ஜன்னலைச் சாத்துவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வண்டியில் இருந்தேன். லாரி ஒன்றுகூட இல்லாத காலிச் சாலை. அந்த வளைவில் நைனா ஒதுங்கவே இல்லை, அப்படியே ஒடித்தார். காலடியில் தகடு கிறீச்சென்று திரும்பி நின்றது. பின்பாதி கரண்ட் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் இறங்கிப் போய் விசில் ஊதி ஊதிப் பார்த்தார்.

"நீ ஊதறது எனுக்கு வெளங்கல" என்று நைனா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாமா வூட்டாண்ட ஓடு. வண்டி மாட்டிக்கிச்சு, உங்கம்மாவ வந்து பாக்கச் சொல்லு."

எனக்கு மானமே போயிற்று. அவ்வளவு பெரிய டிரைவர், காலி ரோட்டில் போய் மாட்டிக்கொண்டாரே! விஷயத்தைச் சொன்னதும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மா, மீன் கழுவிய கையோடு வெளியே வந்தாள். கம்பத்தைப் பார்த்தாள். பிறகு நைனாவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாய்யா, ரோடே காலியா கீது?"

"மாட்டிக்கிச்சு, இன்னா பண்றது? நீ சொன்னாத்தான் எடுப்பேன்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அம்மா கம்பத்தருகே போய் நின்றாள். "ஒடி... இன்னும் ஒடி... வா, வா, வா" என்றாள். நைனா அவள் சொல் தட்டாமல் ஒடித்தார். வண்டி ஒரு கீறல்கூட இல்லாமல் நழுவி வந்துவிட்டது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு, பையோடு வந்து ஏறினாள்.

வட்டத் தகட்டின்மேல் என் பக்கத்தில் நின்றவளிடம் நைனாவுக்காகக் கெஞ்சினேன்.

"நைனா இனிமே ஒயுங்கா திருப்பும்மா. கோச்சுக்காத."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்கு நல்லாவே திருப்பத் தெரியும்டி" என்றாள்.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.