வீடு மாறி வந்த நர்ஸ் மிஸ்

என் மனுசன் றெஜி ஒரு கொண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். தென்னைமரத்தைவிட உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வேலை செய்வார். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கிற மாடிவீட்டு பிளட்ஸில் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் ஹீரோ. அப்படிப்பட்ட மனுசன், போன வருசத்துக்கு முதல் வருசம் தவக்காலம் தொடங்கினதிலிருந்து கட்டிலை விட்டே எழும்பவில்லை.

நடந்தது இதுதான். அவர் தூக்கின ஒரு கொண்டெய்னர் கம்பி அறுந்து விழுந்துவிட்டது. கீழே நின்றது அவருடைய கூட்டாளி ஜூட். ஆண்டவர் காப்பாற்றினார், ஜூட் பாய்ந்து விலகிவிட்டான். முழங்கையில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. றெஜியில் பிழை இல்லை என்று விசாரித்தவர்களும் சொன்னார்கள். ஜூட் அடுத்த கிழமையே வேலைக்குப் போய்ப் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தான். விழுந்தது என் மனுசன்தான்.

சாப்பாடு இல்லை. நித்திரை இல்லை. சவரம் இல்லை. மகள் ரொஷி பக்கத்தில் போய் இருந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒருநாள் மெதுவாகச் சொன்னார், "டெல்சி, நான் இல்லாட்டி உங்கள் ரெண்டு பேருக்கும் நல்லம்." எனக்குப் பதில் சொல்லப் பயம். திருப்பிக் கேட்கப் பயம்.

செபம் செய்தேன். நவநாள் சொன்னேன். மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று அழுதேன். சொந்தக்காரர் சிலர் செய்வினை என்றார்கள். சிலர் என் விசுவாசம் காணாது என்றார்கள். டொக்டரிடம் காட்டலாம் என்றால், விசர், பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், ரொஷிக்குக் கலியாணம் பேசும்போது அதை எடுப்பார்கள் என்று என் பெரியக்கா என் வாயைப் பொத்தினா. கடைசியில் எனக்குச் செபமும் வரவில்லை. ஒரு வசனம்தான் மிஞ்சியது. "மாதாவே, ஆரையாவது அனுப்புங்கோ. நானாப் போய் ஆரிட்டயும் சொல்ல எனக்கு ஏலாது."

அடுத்த நாள் காலையில் கதவில் யாரோ தட்டினார்கள்.

திறந்தால் ஒரு சிங்களப் பொம்பிளை. வெள்ளை ப்ளவுஸ், தோளில் பெரிய பை, படி ஏறின களைப்பில் மூச்சு வாங்குகிறது. ஒரு பெயரைச் சொல்லி, அந்த அம்மா இருக்கிறாவா என்று சிங்களத்தில் கேட்டா. எங்களுக்கு மேல் மாடியில் மகனோடு இருக்கிற அக்கா அவ. வவுனியாவில் இருந்து வந்தவ. "மிஸ், நீங்கள் ஒரு மாடி முந்தியே நிண்டிட்டீங்கள்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

அவ சிரித்தா. நிலந்தி மிஸ், எங்கள் பகுதிச் சமூக மனநல நிலையத்து நர்ஸ். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த ஆட்களைத் தேடிப்போய்ப் பார்ப்பது அவவின் வேலை. மேல் மாடி அக்காவுக்குச் சிங்களம் தெரியாது, மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. "நங்கி, நீங்கள் கொஞ்சம் வந்து எனக்குச் சொல்லித் தரேலுமா?" என்று கேட்டா. நங்கி என்றால் தங்கச்சி. மேலே போய்க் கேட்டோம், அக்காவும் ஓம் என்றா. இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லவும் அவவே விட்டவ. "என்ர பேரைப் போடாதை, மற்றதெல்லாம் போடு" என்றவ.

மிஸ் சிங்களத்தில் கேட்டா, நான் தமிழில் கேட்டேன். ராவில் நித்திரை வருதா? சாப்பாடு பிடிக்குதா? முந்திச் சந்தோசமாச் செய்ததெல்லாம் இப்ப வெறுக்குதா? எல்லாம் தன்னுடைய பிழை எண்டு நினைப்பு வருதா? கேள்வி அக்காவுக்கு. என் கண்ணுக்குள் நின்றது கீழே கட்டிலில் கிடந்த றெஜி. இதுக்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, தேடி வர ஆளும் இருக்கிறது என்று எனக்கு அக்கா வீட்டுக் கதிரையில் இருந்தபோதுதான் தெரிந்தது.

பிறகு மிஸ் இன்னொன்று கேட்டா. சாகவேணும் என்ற எண்ணம் வருகிறதா என்று. நான் அதைத் தமிழில் கேட்காமல் மிஸ் பக்கம் திரும்பினேன்.

"மிஸ், இதைக் கேட்டா அந்த எண்ணத்தை நாங்களே குடுத்த மாதிரி ஆகாதா?"

"இல்லை நங்கி. கேட்டால்தான் அந்த ஆளுக்குத் தான் தனிய இல்லை என்று தெரியும். நேராகக் கேளுங்கள்."

கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முந்தி வந்தது பிள்ளை. இப்ப இல்லை. இப்ப எனக்குப் பசிதான் வருது" என்றா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

நான் சிரித்துக்கொண்டே எழும்பினேன், படியில் இறங்கும்போது அழுதுகொண்டிருந்தேன். நேரே றெஜியிடம் போனேன். "றெஜி, சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக் கிடந்தவர் என் பக்கம் திரும்பினார். "ஓம் டெல்சி" என்றார். குழந்தை மாதிரி அழுதார். நான் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்! மிஸ்!" என்று கத்தினேன். நிலந்தி மிஸ் ஓடி வந்தா. கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "அண்ணா, நான் இருக்கிறது" என்றா. அவவின் தமிழைக் கேட்டு றெஜியின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் கண்ட சிரிப்பு.

அன்றைக்கே நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் மருந்து எழுதினார், தனிய விட வேண்டாம் என்று எங்களுக்கும் சொல்லித் தந்தார். உளவளத்துணையாளர், அதுதான் கவுன்சலர், ஒருவர் கிழமைக்குக் கிழமை இருந்து கதைத்தார். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவா என்று எங்கள் பங்கு ஃபாதரிடம் கேட்டேன். அவர் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, "இது இல்லாட்டி எனக்குப் பூசைப் புத்தகமே தெரியாது டெல்சி. அப்ப எனக்கும் விசுவாசம் இல்லையா?" என்றார்.

ஒரே நாளில் சுகம் வரவில்லை. ஏறியும் இறங்கியும்தான் வந்தது. முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறினார். பிறகு யார்டு வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தார். ஜூட் பின்னேரங்களில் வந்து, "மச்சான், நான் செத்திருந்தா உனக்குக் கவலை நியாயம். நான் உன்ர வீட்டு பிளேன்ரீ குடிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்" என்பான். மார்கழியில், நத்தாருக்குக் கொஞ்சம் முந்தி, நான் மீன் கழுவிக்கொண்டு நிற்க போன் அடித்தது. "டெல்சி, மேல இருக்கிறன். கடல் தெரியுது." மீன் சட்டியை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே முழங்காலில் நின்றேன்.

என் கதை அதோடு முடியவில்லை. நிலையத்தில் தமிழ் கதைக்க ஆள் குறைவு. மொழிபெயர்க்க வரச் சொன்னார்கள். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள் என்று தெரிந்ததும், சனிக்கிழமையில் பாட்டுப் படிப்பிக்கச் சொன்னார்கள். அங்கே ஒரு ஐயா இருக்கிறார், எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் தேசிய கீதம் மாதிரி எழும்பி நின்றுதான் பாடுவார். இப்போது நாங்கள் எல்லோரும் நின்றுதான் பாடுகிறோம். தொண்டர் பயிற்சி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். மட்டும் படித்த நான், பிறகு வார இறுதி வகுப்பில் உளவளத்துணை டிப்ளோமா படித்தேன். வகுப்பில் நான்தான் வயது கூடின பிள்ளை. போன ஆவணியிலிருந்து நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை. நிலந்தி மிஸ்ஸோடு வீடு வீடாகப் போகிறேன். அவ எனக்கு வேலை பழக்குகிறா, நான் அவவுக்குத் தமிழ் பழக்குகிறேன். "நான் இருக்கிறன்" என்று இப்போது சரியாகச் சொல்கிறா.

ரொஷி ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு உளவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். பெரியக்கா, "அதுக்குப் படிச்சா வேலை கிடைக்குமோ?" என்றா. கிடைக்கும். நர்ஸ், சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணையாளர், குணமாகி வருகிறவரைச் சமையலுக்கும் வேலைக்கும் திரும்பப் பழக்குகிற சிகிச்சையாளர், எல்லோரும் வேண்டும். தமிழ் தெரிந்த பிள்ளைகள் கட்டாயம் வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மனிதரோடு பொறுமையாக இருக்கத் தெரிந்தால், இந்தப் படிப்பையும் நினைத்துப் பாருங்கள். படிக்க வசதி இல்லாதவர்களும் தொண்டராக வரலாம். எங்களிடம் ஒருவர் தன் த்ரீவீலில் ஆட்களைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிறார். வெள்ளவத்தையில் இருந்து வரும் ஒரு ரீச்சர் பூச்செடி நடப் பழக்குகிறா.

றெஜியும் லீவு நாட்களில் வருவார். போன கிழமை புதிதாக ஒரு தம்பியைக் கூட்டி வந்தார்கள். ஒருவரோடும் கதைக்கவில்லை, மூலையில் குந்திக்கொண்டிருந்தான். றெஜி கரம் போர்டை எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு முன்னால் வைத்து, காய்களை அடுக்கிவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் பாட்டு வகுப்பு முடித்து வந்து பார்க்கிறேன், இன்னும் அப்படியே இருக்கிறார். கடைசியில் அந்தத் தம்பி கையை நீட்டி ஒரு காயைச் சுண்டினான். காய் குழிக்குள் விழுந்தது. "அடடா, இவனோட கவனமா விளையாட வேணும்" என்றார் றெஜி.

அன்பான சகோதரங்களே, உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் செபம் செய்யுங்கள். செபித்துவிட்டு அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள். ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை, உங்களையும் விடமாட்டார். சும்மாவென்றாலும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். பாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, எழும்பி நின்றால் போதும்.