நாலாம் தூணின் அடியில்

ஊரிலுள்ள நாற்பத்தொரு பாலங்களும் அந்தப் பொறியாளர் அம்மாவின் பொறுப்பு. ஆற்றுப்பாலத்தின் நாலாம் தூணுக்கு அடியில் மண் அரித்துப்போகிறது என்று மூன்று வருடமாக அறிக்கை எழுதினார். மேலே ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் தன் அதிகாரத்திலேயே பாலத்தை மூடினார். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவரைக் கண்டாலே ஜனங்கள் காதுபடத் திட்டினார்கள்.

பஸ் ஓட்டும் சொந்த அண்ணனே அலுவலகத்துக்கு வந்து மேஜையைத் தட்டினார்.

"தினம் பதினோரு கிலோமீட்டர் சுத்திப் போறேன். வண்டியில ஏறுறவன் எல்லாம் உன்னைத்தான் வையுறான். தூண் நல்லாத்தானே நிக்குது?"

"வாண்ணா, நீயே வந்து பாரு."

முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஆளுயரக் கழி ஒன்றைத் தூணுக்கு அடியில் செருகும்படி அண்ணனிடம் சொன்னார் தங்கை. கழி முழுக்க உள்ளே போனது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் அதன்மேல் போன அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மூடுனது சரிதான். ஆனா ஊர்ல என்னைத் தலைகாட்ட முடியாம பண்ணிட்ட. இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

எட்டு மாதத்தில் தூணைச் சரிசெய்து பாலத்தைத் திறந்தார்கள். விழாவுக்குப் பொறியாளரை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலை அண்ணன் முதல் பஸ்ஸை ஓட்டி வந்தார். பாலத்து ஓரத்தில் நின்ற தங்கையைப் பார்த்தும் பார்க்காதவர்போல வேகமாகக் கடந்து போனார்.