மஞ்சள் கறை படிந்த சுருள்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் முதலில் ரேடியோ பாடியது எங்கள் வீட்டில்தான். நானே செய்த பெட்டி. வால்வுகளுக்கு மின்சாரத்தை அளவோடு விட அதில் ஒரு கம்பிச் சுருள் உண்டு; ரெஸிஸ்டன்ஸ் என்பார்கள். கடையில் வாங்கியது ஓயாமல் இரைந்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நானே சுற்ற உட்கார்ந்தேன்.

பட்டு நூல் போர்த்திய மெல்லிய கம்பி. அதை நடுவில் மடித்து, மடிப்பைப் பீங்கான் குழலில் கட்டி, இரண்டு இழையையும் சேர்த்தே சுற்ற வேண்டும். போன மின்சாரம் பக்கத்து இழையிலேயே திரும்பி வந்தால் இரைச்சல் அடங்கும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் கூடத்துக் கோடியில் உட்கார்ந்து குழலைத் திருப்ப, என் மனைவி இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு எதிர்க்கோடியில் நிற்பாள். சுற்றச் சுற்ற, கம்பி தொய்யாமல் அடிமேல் அடி வைத்து என்னிடம் வருவாள்.

"வரேன்னா, வரேன்" என்று சொல்லிக்கொண்டே வருவாள். கம்பியைச் சுற்றுகிறேனா, பெண்டாட்டியையே சுற்றி இழுக்கிறேனா என்று கேலி செய்வேன்.

பெட்டியில் மாட்டிய சுருளைச் சுற்றிய அன்று வெள்ளிக்கிழமை. மஞ்சள் பூசிக் குளித்த கையோடு, கோணல் போக முழுக் கம்பியையும் விரலிடுக்கில் உருவிக் கொடுத்திருந்தாள். பட்டெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கையைக் கழுவத் தெரியாதா என்று கத்தினேன். கழுவியும் போகவில்லை என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு விஷ ஜுரம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் ஏறும்போதும் "வரேன்னா" என்றுதான் சொன்னாள். வரவில்லை.

காரியங்கள் முடிந்து ஒரு சாயங்காலம் பெட்டியைப் போட்டேன். சுருள் சூடேறியதும் கூடத்தில் மஞ்சள் வாசனை எழுந்தது. அம்மா கைம்பெண், மஞ்சள் பூசுகிற கை வீட்டில் வேறு கிடையாது. எழுந்து கிணற்றடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பயமாகத்தான் இருந்தது. பிறகு பயம் போய், அதற்காகவே தினமும் பெட்டியைப் போட்டேன். யார் கச்சேரி என்றுகூடக் கவனித்ததில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மந்திரிக்க ஆள் தேடுவாள். அவள் தூணோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் பெட்டி வாயடைத்துப் போயிற்று. சுருளுக்குள் எங்கோ கம்பி அறுந்திருந்தது. அறுந்த இடத்தை முடிந்துவிட்டால் வாசனை தப்பும் என்று பிரித்தேன். வெந்த பட்டு கையிலேயே பொடியாக உதிர்ந்தது. அதன் பிறகு பெட்டியைத் தொடவே மனம் வரவில்லை. ஆத்துல சத்தமே இல்லை, சரி பண்ணுடா என்று அம்மாதான் விடாமல் சொன்னாள்.

புதுக் கம்பி வாங்கி வந்து, முனைகளை ஜன்னல் கம்பிகளில் கட்டினேன். ஜன்னல் நடந்து வராது. குழலைச் சுற்றியபடி நான்தான் போக வேண்டியிருந்தது. பாதி வழியில் "வரேன், வரேன்" என்று என் வாய் சொல்வது எனக்கே கேட்டது. அழுதேன். கம்பியை மட்டும் தொய்யவிடவில்லை.

சுருளை மாட்டிப் பெட்டியைப் போட்டேன். இரைச்சலே இல்லை, யாரோ அழகாக ஆலாபனை செய்துகொண்டிருந்தார்கள். அம்மா வழக்கம்போல் தூணோரம் கண்ணை மூடினாள். சற்றுக் கழித்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பாட்டு வரது. அவ வரலையேடா" என்றாள்.