நாலு பேர் லைன்

சாந்தகுமாரியிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது. மன்னார்குடிக்காரி, லேசில் மறக்க மாட்டாள். டில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் அவளுக்கு வேலை. "நமஸ்தே ஜி" என்று தேனாகச் சொல்லுவாள். உள்ளே சேஷன் என்ற பெயர் எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

சேஷன் அங்கே நிர்வாக அதிகாரி. போர்டில் சொந்த அழைப்பு கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் ஆபத்து அவசரத்துக்கென்று அவருடைய நேர் எண்ணைத்தான் ஊரில் கொடுத்திருந்தாள். எழுபத்தெட்டில் அவள் அண்ணன் அந்த எண்ணுக்கு டிரங்க் கால் போட்டு, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, தங்கச்சியை உடனே கிளம்பச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். அச்சா அச்சா என்று போனை வைத்தவர், டூட்டி முடியட்டும் என்று இருந்துவிட்டார். அப்புறம் மறந்தே போனார். அம்மா மூன்று நாள் மகளைக் கேட்டுக்கொண்டே கிடந்தாளாம். அன்றைக்கே ஜி.டி. எக்ஸ்பிரஸ் ரயில் ஏறியிருந்தால் முகத்தையாவது பார்த்திருக்கலாம். சாவுத் தந்திதான் வந்தது. நியாயம் கேட்கப் போனவளிடம், ஆபீஸ் போன் ஆபீசுக்குத்தான் என்றார் அந்த மகானுபாவர். பாவி மனுஷன்!

எண்பத்தாறில் எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. நேர் லைன்களையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். சில எண்களை ஒரு குழுவாகப் போட்டால் அவை தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும், வெளியிலிருந்து ஈ காக்கை நுழைய முடியாது. அந்த வேலையைக் கற்றுக்கொண்டவள் சாந்தகுமாரி. சேஷனுக்கு ஆசை பிடித்தது. டைரக்டர், டெபுடி டைரக்டர் இரண்டு பேர், தான், ஆக நாலே பேருக்கு ஒரு குழு போடச் சொல்லிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மற்ற மூவர் மேஜையிலும் இன்னொரு போன் உண்டு. இவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அவளும் போய் ஒரு தடவை கேட்டாள். "போர்டுக்கு மட்டும் வழி வைக்கட்டுமா சார்? ஹெட் ஆபீஸ்லேருந்து ஏதாவது வந்தா கொடுக்கணுமே."

"ஒண்ணும் வேண்டாம். சொன்னதைச் செய்."

செய்தாள். பிசகில்லாமல் செய்தாள்.

சேஷன் மெட்ராஸ் மாற்றலுக்காக வருஷக்கணக்கில் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தார். மனைவி வைதேஹி குழந்தைகளோடு முன்னாலேயே மயிலாப்பூர் போயாயிற்று. இவர் கரோல் பாக் மெஸ்ஸில் சாப்பிட்டு நாளை ஓட்டினார். ஒரு மத்தியானம் ஹெட் ஆபீசிலிருந்து போன். மெட்ராஸில் இடம் காலி, சாயங்காலத்துக்குள் பெயர் போக வேண்டும், சேஷன் சம்மதத்தை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார்கள். போர்டிலிருந்து அவருக்கு வழியில்லை. மாடிப்படி இருந்தது. ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் ஏறவில்லை. சாருடைய லைனில் யாரையும் விடக் கூடாதென்று உத்தரவு ஜி, என்று தேனாகச் சொன்னாள். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

மறுநாள் விஷயம் தெரிந்து சேஷன் போர்டு அறைக்கே இறங்கி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு வார்த்தை மேலே வந்து சொல்லப்படாதாம்மா?"

"எங்க அண்ணன் போன் பண்ணப்ப நீங்க வந்து சொன்னீங்களா சார்?"

"எந்த அண்ணன்?"

அவருக்கு ஞாபகமே இல்லை! இத்தனை வருஷம் இவள் வயிறு எரிந்ததெல்லாம் அந்த மனுஷனுக்கு ஒன்றுமே இல்லை. சாந்தகுமாரிக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. அம்மா கிடந்த கிடையை ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டுவிட்டுப் படியேறிப் போனார்.

பக்கத்து நாற்காலி ராஜம் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, தானா தொலைய இருந்தவரை நீயே பிடிச்சு உட்கார வெச்சுட்டியேடி. ரிட்டயர் ஆறவரைக்கும் இனிமே நம்ம தலைமேலதான்."

சாந்தகுமாரி அதை யோசித்திருக்கவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் பிறகு. "இப்பத்தானே அவருக்கு ஞாபகம் வந்திருக்கு. தினம் என் மூஞ்சியைப் பாக்கட்டும்."