வீட்டுக்குப் போன் பேசும் மொழி

அமீரகத்தின் அஜ்மானில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பதிவு கவுன்டரில் தினமும் ஒரு வேடிக்கை நடக்கிறது. கம்ப்யூட்டரில் நோயாளியின் நாடு ‘இந்தியா’ என்று போட்டதும், கீழே மொழி என்ற கட்டம் தானாகவே ‘இந்தி’ என்று நிரம்பிக்கொள்ளும். அறந்தாங்கிக்காரரும் இந்தி, ஆலப்புழைக்காரரும் இந்தி. பாகிஸ்தானின் பெஷாவர்ப் பக்கத்திலிருந்து வந்த, வீட்டில் பஷ்தூ பேசும் பட்டாணியர் உருது. யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கையால் மாற்ற வழியிருக்கிறது. மாற்றியவர்களை நான் பார்த்ததில்லை. பில்லிங்கிலிருந்து இங்கே மாறி வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. முருகேசன் அண்ணன் வந்த நாளோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அவர் முதுகுளத்தூர்ப் பக்கம். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர், சர்க்கரை நோயாளி. காலில் கம்பி குத்திய புண்ணோடு எங்களிடம் ஏற்கெனவே ஒருமுறை வந்துபோயிருக்கிறார். எகிப்திய டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை பிலிப்பைன்ஸ் நர்ஸ் இந்தியில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இந்தி கற்றதே இங்கே வந்துதான். திரை இந்தி என்று காட்டியதால், பாவம், தெரிந்ததை வைத்துப் பேசியிருக்கிறார். சேஃப்டி ஷூ போடக் கூடாது, புண்ணை நனைக்கக் கூடாது, ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்ற வரவேண்டும். அண்ணன் எல்லாவற்றுக்கும் ‘அச்சா’ சொல்லியிருக்கிறார். மறுபடி என் கவுன்டரில் வந்து நின்றபோது கால் பெருவிரல் கறுத்திருந்தது.

“புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?” என்று கேட்டேன்.

“சைட்ல ஃபோர்மேன் என்ன சொன்னாலும் அச்சாண்டுதாம்மா சொல்லணும். புரியலேண்டா யல்லா யல்லா, சீக்கிரம் சீக்கிரம்ண்டு கத்துவாய்ங்க. அந்த வாய்தான இங்கயும் வருது” என்றார்.

எனக்கு மதுரை பெரியாஸ்பத்திரி ஞாபகம் வந்தது. என் அப்பாவுக்கும் இதே போல் காலில் புண். “காலை எடுத்தாத்தான் அறிவு வருமா உங்களுக்கு?” என்று டாக்டரம்மா வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். அப்பா அன்றிலிருந்து செருப்பில்லாமல் வாசலைத் தாண்டவில்லை. பளிங்குத் தரையும் ஏசியும் அங்கே கிடையாது. திட்டினார்கள், ஆனால் புரிந்தது. இங்கே குழைந்து குழைந்து பேசுகிறோம், ஒன்றும் போய்ச் சேரவில்லை.

விரலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாதமே போகும் என்றார்கள். கையெழுத்து வாங்கும்போது நானே போய் நின்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் மெல்ல, “அச்சா” என்றார்.

“அச்சா வேணாம்ணே. நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்தவர், விரல் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவருடைய ஃபைலைப் பார்த்தேன். ‘அறிவுரையைப் பின்பற்றாத நோயாளி’ என்று எழுதியிருந்தது. அவருடைய மொழியில் சொல்லாத அறிவுரையை அவர் எப்படிப் பின்பற்றுவார்? மொழிக் கட்டமே பொய் சொன்னால், யாருக்குப் புண் ஆறுகிறது, யாருக்கு ஆறாமல் போகிறது, ஏன் போகிறது என்று எந்த நாளில் எவருக்குத் தெரியப்போகிறது?

மறுநாளிலிருந்து ஒவ்வொருவரையும் கேட்க ஆரம்பித்தேன். “உங்களுக்கு எந்த மொழி தெரியும்?” என்று, தமிழ்ப் பெயராக இருந்தால் தமிழில்தான் கேட்டேன். “இந்தி நல்லாத் தெரியும் மேடம்” என்று தமிழிலேயே பதில் வந்தது. ஒருவர் இருவர் அல்ல, வந்த நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஊரில் ஏஜென்ட் ஆபீஸில் வைத்துக் கேட்ட அதே கேள்வி. தெரியாது என்றால் விசா இல்லை. அந்தப் பயத்தைத் தலைவலி மாத்திரை வாங்க வரும்போதும் கூடவே கொண்டுவருகிறார்கள். கேள்வியை மாற்றினேன். “வீட்டுக்குப் போன் போட்டா எந்தப் பாஷையில பேசுவீங்க?” இதற்கு யாரும் பொய் சொல்லவில்லை.

மேனேஜர் கூப்பிட்டு விட்டார். எல்லா இந்தியருக்கும் இந்தி தெரியுமாம். நோயாளிகளை மொழி கேட்டுப் பிரிப்பது மருத்துவமனைக்கு நல்லதில்லையாம். நான் தமிழ் ஆட்களுக்குச் சலுகை தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். இன்ஷூரன்ஸ் எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறோம். வாயிலிருக்கும் மொழியை ஒருமுறை கேட்டால் பேதமா? கேட்காமல் விட்டதால் ஒரு மனிதரின் விரல் போனதே, அதற்கு என்ன பெயர்? இதைச் சத்தமாகவே கேட்டேன். “வரிசை நிற்கிறது, போய்ப் பாருங்கள்” என்றார். போனேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று முருகேசன் அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு கவுன்டருக்கு வந்தார். கம்பெனி ‘கலாஸ்’ என்று கணக்கை முடித்துவிட்டது, மறுநாள் ஃப்ளைட். “ஊர்ல கேப்பாகளேம்மா, வெரல எங்கடா விட்டுட்டு வந்தேண்டு. என்ன சொல்ல?” என்றார். அவர் ஃபைலில் மொழியை ‘தமிழ்’ என்று மாற்றி வைத்தேன். இனி அதைத் திறக்க யாருமில்லை. ஆள் ஊருக்குப் போய்விட்டார். விரல் மட்டும் விசா இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டது.